ஆயிரத்தெட்டுக் கண்ணுக்குச் சந்தனம்

கோட்டை மாரியம்மன் மேல் ஆணை. அது போதாது என்பவர்களுக்குச் சூசையப்பர் மேலும் ஆணை. இன்னும் சந்தேகப்படுகிறவர்கள் தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் மேலும் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கூட்டிச் சொன்னதும் இல்லை, குறைத்துச் சொன்னதும் இல்லை.

விஜயதசமி கழிந்து மில் திறந்த அன்று காலை பதினொன்றேகாலுக்கு, பழநி ரோட்டில் தன் கம்பெனியின் மாடியறையில் செழியன் உளுந்தவடையைப் பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தாடிக்கொம்பு தாண்டி இருக்கிற நூல் மில்லின் மேனேஜர் உடையப்பன். மில்லுக்கு வெள்ளையடித்தபோது வாளியில் மிஞ்சிய சுண்ணாம்பை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு வருஷம் முழுக்க வெற்றிலைக்குத் தடவிக்கொண்ட மனிதர் அவர். போனிலும் சொல்லைச் சிக்கனமாகத்தான் செலவழிப்பார்.

"தம்பி, ஒம்பதாம் நம்பர் மிஷின்ல ஒரு பொம்பளைக்கு ரெண்டு விரல் போயிருச்சு. நிறுத்துற பொத்தான அமுக்குனேன், நிக்கலங்குது. அமுக்குனதா இல்லையான்னு உங்க கம்ப்யூட்டர்ல பாத்து எழுதிக் குடுங்க. இல்லன்னுதான் இருக்கும்."

செழியன் பிட்ட வடையைப் பிட்டபடியே வைத்துவிட்டு எழுந்தான்.

அவன் கம்பெனி நூல் மில்களுக்குக் கணினிப் பெட்டி செய்து கொடுப்பது. மிஷினில் நூல் சுற்றுகிற ஒவ்வொரு கதிருக்கும் பக்கத்தில் மிளகு அளவு சிவப்பு விளக்கு ஒன்று எரியும். அதுதான் கண். நூல் அறுந்தால் அந்தக் கண் கணினியைத் தட்டி, இங்கே அறுந்துவிட்டது என்று சொல்லும். ஒவ்வொரு மிஷினின் கோடியிலும் இருக்கிற சிவப்பு நிறுத்தப் பொத்தானும் அதே கணினிக்கு, கண்கள் தட்டுகிற அதே ஒற்றைக் கம்பி வழியாகத்தான் போகிறது. அது கூடாது, நிறுத்தப் பொத்தான் என்றால் நேரே மின்சாரத்தின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் என்று செழியன் மூன்று தடவை எழுதிக் கொடுத்தான். அந்த மூன்று தாளின் பின்புறத்திலும் உடையப்பன் கேன்டீன் பலகாரப் பட்டியல் எழுதி ஒட்டினார். நல்ல தடிமனான தாள்.

கணினியின் அடிவயிற்றில் கெர்னல் என்று ஒரு நிரல் இருக்கிறது. யார் எப்போது தட்டினாலும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து, யார், என்ன வேண்டும் என்று கேட்க வேண்டியது அதன் தலையெழுத்து. இந்தத் தட்டலுக்கு இன்டரப்ட் என்று பெயர். தட்டியதும் எழுந்து என்ன செய்வது என்பதை எழுதுகிற வேலைதான் பன்னிரண்டு வருஷமாகச் செழியனுக்கு. முதலில் பெண் பார்க்கப் போன நத்தத்து வீட்டில் என்ன வேலை என்று கேட்டார்கள். "மிஷின் தட்டுனா முழிக்கிற வேலை" என்று உள்ளதை உள்ளபடி சொன்னான். வாட்ச்மேனுக்குக் கொடுப்பதற்கில்லை என்று அவர்கள் தட்டைத் திருப்பி உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அதில் இருந்த கேசரி அவன் வாழ்க்கையில் தவறவிட்ட நல்ல கேசரிகளில் ஒன்று.

இந்த வேலையில் ஒரு சிக்கல் உண்டு. நாகல் நகரில் செழியன் குடியிருக்கிற காம்பவுண்டில் ஆறு வீட்டுக்கும் சேர்த்து வாசலில் ஒரே மணி. அடித்தால் ஆறு வீட்டுக்காரர்களும் எட்டிப் பார்த்து, எனக்கு, எனக்கில்லை என்று சொல்லியாக வேண்டும். ஒருவரும் எனக்கு என்று சொல்லாமல் மணி அடித்துக்கொண்டே இருந்தால், வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் மணிக் கம்பியை வெட்டிவிடுவார். கெர்னலும் அப்படித்தான். பல சாமான்களுக்கு ஒரே கம்பி என்றால், ஒவ்வொரு சாமானுக்கும் எழுதிய நிரல் 'என்னுது' அல்லது 'என்னுது இல்லை' என்று பதில் சொல்ல வேண்டும். ஒரு லட்சம் தட்டில் அநேகமாக எல்லாவற்றுக்குமே யாரும் 'என்னுது' சொல்லவில்லை என்றால், 'ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை' என்று ஒரு வரி எழுதிவைத்துவிட்டு அந்தக் கம்பியின் வாயை அடைத்துவிடும். பிறகு அதில் யார் தட்டினாலும் கேட்காது.

இரண்டு வருஷத்துக்கு முன் இதை எழுதும்போது கூட வேலை பார்க்கிற கிளெமென்ட்டுக்கும் செழியனுக்கும் பெரிய சண்டை.

"மாப்ள, எது தட்டுனாலும் என்னுதுன்னு சொல்லிட்டுப் போயிரு. யாரு வந்து பாக்கப் போறா?"

"தட்டுனது நான் இல்லைன்னா, இல்லைன்னுதான்டா சொல்லணும்."

"நீ என்ன கோர்ட்டுலயா நிக்கிற? மிஷினுக்கு எதுக்குடா சத்தியம்?"

செழியன் கேட்கவில்லை. கண் தட்டியதும் அவன் நிரல் போய்ப் பார்க்கும். நூல் அறுந்திருந்தால் 'என்னுது'. பொத்தான் அமுக்கியிருந்தால் 'என்னுது'. இரண்டும் இல்லாவிட்டால் 'என்னுது இல்லை'. அப்பா காத்தமுத்து வெங்காயத் தரகில் நாற்பது வருஷம் பொய் சொல்லிப் பிழைத்தவர் என்பதாலோ என்னவோ, செழியன் மிஷினிடம்கூடப் பொய் சொல்லக் கூச்சப்பட்டான்.

கிளெமென்ட்டின் வண்டியில் இருவரும் மில்லுக்குப் போனார்கள். ஒன்பதாம் நம்பர் மிஷினைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. கழுவிவிட்டிருந்தார்கள். கழுவியும் போகாத இடத்தில் கழிவுப் பஞ்சைப் பரப்பியிருந்தார்கள். மற்ற பதினைந்து மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன. செழியன் குனிந்து கண்களைப் பார்த்தான். ஒவ்வொரு கண்ணின் நெற்றியிலும் சந்தனம். அதன் மேல் ஒரு புள்ளி குங்குமம். ஒரு மிஷினுக்கு ஆயிரத்தெட்டுக் கதிர், எதிர்க்கோடி வரைக்கும் ஒன்று பாக்கியில்லாமல் ஆயிரத்தெட்டுக் கண்ணுக்கும் பொட்டு. அர்ச்சனைக்கு எண்ணிவைத்த மாதிரி இருந்தது. ஆயுத பூஜைக்கு மிஷினுக்குப் பொட்டு வைப்பது எங்கும் உள்ளதுதான். இங்கே ஒரு கண்ணையும் விடாமல் வைத்திருந்தார்கள்.

மூன்று நாளில் சந்தனம் காய்ந்திருந்தது. மிஷின் அதிர அதிரப் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. பொடி விழும்போது கண் ஒரு நொடி மங்கும், உடனே தெளியும். மங்கும்போதெல்லாம் ஒரு தட்டு. கெர்னல் அலறிப் புடைத்து எழுந்து செழியனின் நிரலை அனுப்பும். அது போய்ப் பார்க்கும்போது நூல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும், பொத்தானும் சும்மா இருக்கும். 'என்னுது இல்லை.' மறுபடி தட்டு. 'என்னுது இல்லை.' ஆபீஸ் அறையில் பெட்டியைத் திறந்து செழியன் கெர்னலின் பதிவை வாசித்தான். பத்து மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு அந்த வரி இருந்தது: ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. அதற்கு அடுத்த வரியில், கம்பி அடைக்கப்பட்டது. விபத்து நடந்தது பத்து நாற்பதுக்கு. இடையில் இருபத்தெட்டு நிமிஷம் பதினாறு மிஷினுக்கும் காதில்லை. பொத்தான் அமுக்கிய எண்ணிக்கை என்ற இடத்தில் பூஜ்யம்.

"பூஜ்யந்தான?" என்றார் உடையப்பன், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

"சார், பூஜ்யம்னா அமுக்கலைன்னு அர்த்தம் இல்ல. கேக்கலைன்னு அர்த்தம்."

"அது உங்க பாஷை. எனக்குத் தெரிஞ்ச பாஷையில பூஜ்யம்னா பூஜ்யம்."

செழியன் கண்களைத் துடைக்கச் சொல்லிவிட்டுப் பெட்டியை நிறுத்தி மறுபடி கிளப்பினான். எல்லாப் பொத்தானையும் ஒருக்கா அமுக்கிப் பார்த்துவிடலாமா என்று கிளெமென்ட் கேட்டான். உற்பத்தி நிற்கும், ஒன்று போதும் என்றார் உடையப்பன். முதல் மிஷினில் அமுக்கினார்கள். நின்றது. செழியன் கயிறு கட்டியிருந்த ஒன்பதாம் நம்பரைத் திரும்பிப் பார்த்தான். இதே போல அங்கேயும் நின்றிருக்க வேண்டியது.

கம்பெனி முதலாளி ஆனந்த்ராஜ் விஷயத்தை முழுதாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் எழுந்து கதவைச் சாத்தினார். அந்தக் கதவு சாத்தாது, கீழே உரசும். தூக்கிப் பிடித்துச் சாத்தினார்.

"செழியா, அவங்க கேட்டது பொத்தான் கணக்கு. அதுல பூஜ்யம்னு இருக்கு. அந்தத் தாளக் குடு. அது பொய்யா?"

"இல்ல சார்."

"பெறகென்ன? அந்த ரெண்டு வரிய யாரு கேட்டா? கேக்காததச் சொல்றதுக்கு நீ என்ன குறி சொல்றவனா?"

செழியன் கதவைத் தூக்கிப் பிடித்துத் திறந்துகொண்டு வெளியே போனான். மறுநாள் மத்தியானம் நான்கு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

பேச்சாயிக்கு ஐம்பது வயதிருக்கும். பதினெட்டு வருஷமாக அந்த மில்லில் கதிர் பார்ப்பவள். வலது கையை வெள்ளைத் துணியில் பெரிய பூசணிப் பிஞ்சு மாதிரி கட்டி நெஞ்சின் மேல் வைத்திருந்தாள். அவன் யாரென்று சொன்னதும் தலையிலிருந்து கால் வரை ஒரு முறை பார்த்தாள்.

"அந்தச் செவப்புக் கண்ணு வச்ச தம்பியா நீ?"

"ஆமாக்கா."

"சாத்துக்குடி வாங்கியாந்திருக்க. ஒத்தக் கையால எப்படி உரிக்கிறதாம்? நீயே உரி."

அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து உரித்தான். நகம் வளர்க்காதவன், தோல் சிறுசிறு துண்டாகத்தான் வந்தது. அவள் அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினாலு தடவ அமுக்குனேன். ஏன் எண்ணுனேன்னு கேளு."

"ஏங்க்கா?"

"கதிர எண்ணியே பொழச்ச பொழப்பு. போட்டிருந்த மில்லுக் கோட்டோட கைய மிஷின் இழுக்குது, வெரலு போயிட்டே இருக்கு, இந்தக் கை அமுக்குது, வாயி எண்ணுது. பதினாலு. பெறகு பக்கத்து மிஷின்காரி ஓடி மெயின ஆஃப் பண்ணுனா. மேனேஜரு வந்து, நீ அமுக்கவே இல்ல, கம்ப்யூட்டரு சொல்லிருச்சுங்கறாரு. ஒழுங்கா அமுக்கியிருந்தா நிண்டுருக்குமாம். என் அசட்டையாம். அசட்டைக்கு வேலையும் கெடையாது, ஒண்ணுங் கெடையாதாம். ஒன் மிஷினு என்னடா செவிடா?"

செழியன் சொன்னான். தட்டுவது, எழுவது, என்னுது, என்னுது இல்லை, ஒரு லட்சம், வாயடைப்பு, எல்லாவற்றையும் காம்பவுண்டு மணியை வைத்து அவளுக்குச் சொன்னான். பன்னிரண்டு வருஷத்தில் அவன் வேலையைக் கடைசி வரைக்கும் கேட்ட முதல் ஆள் அவள்தான். அவன் மனைவி பானுப்ரியா மூன்றாம் வரியில் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

"இரு இரு" என்றாள் பேச்சாயி. "வீணா ஒரு லச்சம் தடவ கூப்பிட்டது யாரோ. நான் கூப்பிட்டது பதினாலு. அவன் கத்துனதுக்கு என் வாய எதுக்கு அடைச்ச?"

செழியன் இன்னொரு சாத்துக்குடியை எடுத்து உரிக்கத் தொடங்கினான். இந்தக் கேள்வியை உலகத்தில் கெர்னல் எழுதுகிற எவனும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஒரு சுளையை வாங்கிக்கொண்டு அவளே கேட்டாள். "சந்தனம் உதுந்துச்சுன்னு சொன்னியே. எங்க மிஷினுக்குச் சந்தனம் வச்சது யாருன்னு தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"நாந்தேன். கதவுல ஒரு பொட்டு வச்சாப் போதும்னாரு மேஸ்திரி. கண்ணுன்னு இருக்கு, கண்ண விட்டுட்டுக் கதவுக்கு வைக்கிறதான்னு சொல்லி ஆயிரத்தெட்டுக்கும் குத்தவச்சே போயி வச்சேன். என்னப் பாத்துத்தேன் மத்தவளுகளும் வச்சாளுக. முட்டி இன்னும் வலிக்குது." கட்டுப் போட்ட கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "அப்ப தப்பு என்னுதாப்பா?"

"இல்லக்கா. என்னுது" என்றான் செழியன்.

கிளெமென்ட் அத்தனை கெஞ்சியும் அவன் நிரலில் சும்மா எழுதிவிடாத சொல் அது. சொன்னதும் உடம்பு லேசானது போலிருந்தது. அந்த லேசை நம்பித்தான் அவன் வெள்ளிக்கிழமை மில் விசாரணைக்குப் போனான்.

மேனேஜர் அறையில் உடையப்பன், மில் வக்கீல், ஆனந்த்ராஜ். மூலையில் ஸ்டூலில் பேச்சாயி. செழியன் இரண்டு வரியையும் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தான். மேஜையில் வைத்துவிட்டு நின்றபடியே சொன்னான்.

"இவங்க அமுக்குனாங்க. பதினாலு தடவ அமுக்குனாங்க. என் புரோகிராம் எழுதுன விதத்தால கெர்னல் கம்பிய அடைச்சிருச்சு. அதனால மிஷின் நிக்கல. இவங்க மேல தப்பு இல்ல."

ஆனந்த்ராஜ் மின்விசிறியைப் பார்த்தார். வக்கீல் தாளை இரண்டு தடவை வாசித்தார். பிறகு உடையப்பனின் காதில் ஏதோ சொன்னார். உடையப்பனின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. கல்யாண வீட்டில்கூட அவர் முகத்தில் யாரும் பார்த்திராத வெளிச்சம். மணியடித்துக் காபி சொன்னார். காபியோடு பிஸ்கட்டும் வந்தது. மில் தொடங்கிய நாளிலிருந்து அந்த அறைக்கு பிஸ்கட் வந்தது அன்றைக்குத்தான். கொண்டுவந்த கேன்டீன்காரரே நம்பிக்கையில்லாமல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல மனுசன் தம்பி நீங்க" என்றார் உடையப்பன். "இம்புட்டு நேர்மையா ஒரு ஆள நான் பாத்ததில்ல. சொன்னத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க. ரெண்டு காப்பி."

செழியன் எழுதினான். கையெழுத்துப் போடும்போது பேச்சாயியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. உடையப்பன் பிஸ்கட் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருஷமாக அந்த ஆளைத் தெரிந்தவள். அவர் சந்தோஷப்பட்டால் அது யாருக்கு வினை என்று அவளுக்குத் தெரியும்.

பத்து நாளில் பேச்சாயிக்குக் கடிதம் வந்தது. விபத்துக்குக் காரணம் கணினி நிரல் என்று அதை எழுதியவரே ஒப்புக்கொண்டுவிட்டதால் ஆலைக்கு இதில் பொறுப்பு எதுவுமில்லை. தாங்கள் கணினி நிறுவனத்தை அணுகவும். அவள் அந்தக் கடிதத்தோடு பழநி ரோட்டு மாடிக்கு ஏறினாள். ஆனந்த்ராஜ் இன்னொரு கடிதம் கொடுத்தார். மேற்படி தவறு செழியன் என்ற தனிநபரின் கவனக்குறைவு. அவர் இப்போது இந்த நிறுவனத்தில் இல்லை. தாங்கள் அவரையே அணுகவும். இரண்டு கடிதமும் பிழையில்லாத தமிழில், மூத்த மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள் எழுதுவது போல அவ்வளவு மரியாதையாக இருந்தன. தேய்ந்த செருப்போடு நாகல் நகருக்கு வந்து, காம்பவுண்டில் விசாரித்து, செழியனின் வீட்டுப் படியில் உட்கார்ந்து இரண்டையும் அவனிடம் நீட்டினாள்.

அவன் வாசித்தான். அணுக வேண்டிய அடுத்த ஆள் என்று எழுதித்தர அவனிடம் ஒரு பெயர் இல்லை.

"வக்கீல் வச்சுக் கேஸ் போடலாம்க்கா. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்..."

"நீ உண்ம சொல்லாமயே இருந்திருக்கலாம் தம்பி" என்றாள் பேச்சாயி. கோபமாகச் சொல்லவில்லை. சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்பது போலச் சொன்னாள். "நான் பாட்டுக்கு அமுக்குனேன் அமுக்குனேன்னு சொல்லிக்கிட்டிருப்பேன். அவரு இல்ல இல்லன்னு சொல்லிக்கிட்டிருப்பாரு. அஞ்சு வருசம் ஆனாலும் சண்டையாச்சும் இருந்திருக்கும். இப்ப எல்லாரும் என்னைய நம்பிட்டாங்க. இனி யாருகிட்டப் போயி சண்ட போட?"

பானுப்ரியா உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்தாள். பேச்சாயி இடது கையால் வாங்கி, சொம்பை வலது மணிக்கட்டில் தாங்கிக் குடித்தாள். மூன்று விரலும் மடங்காமல் விறைத்துக்கொண்டு நின்றன.

மில்லில் அவளுக்குக் கருணை அடிப்படையில் கழிவுப் பஞ்சுக் கிடங்கில் வேலை கொடுத்தார்கள். அதற்கும் ஒரு கடிதம் உண்டு. செழியன் இப்போது வத்தலகுண்டு ரோட்டில் இன்வெர்ட்டர் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் இருக்கிறான். கெர்னல் எழுதுவதில்லை. ஆனால் அந்த நிரலை அவனால் விட முடியவில்லை. மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரத்தில் பழைய நோட்டின் பின்பக்கத்தில் அதை மறுபடி மறுபடி எழுதிப் பார்க்கிறான். கண்களுக்கு ஒரு கம்பியும் பொத்தானுக்குத் தனிக் கம்பியும் கொடுத்து எழுதுகிறான். பொய்யாக 'என்னுது' சொல்லி எழுதுகிறான். லட்சத்தை எண்ணும்போது பதினாலு மட்டும் தப்பித்து வருகிற மாதிரி எழுதுகிறான். எழுதி முடித்ததும் மனதுக்குள் மிஷினை ஓட்டிப் பார்ப்பான். ஒவ்வொரு தடவையும் முதல் அமுக்கலிலேயே மிஷின் நிற்கிறது. பேச்சாயி கோட்டுக் கையை மெல்ல உருவிக்கொண்டு, ஐந்து விரலையும் விரித்துப் பார்க்கிறாள்.

அடுத்த வைகாசியில் ஒன்பதாம் நம்பர் மிஷினைப் பழைய இரும்புக்குக் கழற்றினார்கள். அந்தச் சிவப்புப் பொத்தானுக்குப் பின்னால் கம்பி எதுவும் இல்லை, ஒரு நாளும் கோத்த தடமும் இல்லை.